கவிழ்ந்து படுத்தவர்கள் சொன்னது

முடி நடவுக்கு வருகிறவர் முதல் மூன்று மணி நேரம் கவிழ்ந்துதான் படுத்திருப்பார். கட்டிலின் தலைமாட்டில் முகம் வைத்துக்கொள்ள வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியாக அவருக்குத் தரையும் எங்கள் செருப்பும் தெரியும். எங்களுக்குத் தெரிவது அவருடைய பின்மண்டை மட்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காததாலோ என்னவோ, மரத்துப்போகிற ஊசி வேலை செய்யத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பதினேழு வருஷமாக நான் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. நர்ஸிங் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த டெக்னீஷியன். பின்மண்டையில் ஒவ்வொரு வேரையும் சுற்றி வெட்டி டாக்டர் தளர்த்திக் கொடுப்பார். அதை எடுத்து, எண்ணி, ஒற்றை முடி, இரட்டை முடி, மூன்று முடி என்று பிரித்து, காயாமல் காப்பாற்றி, முன்மண்டையில் அவர் போட்டுவைத்த கீறல்களுக்குள் செருகுவது எங்கள் வேலை. ஒரு நாளைக்கு இரண்டாயிரம், சில நாள் இரண்டாயிரத்து ஐந்நூறு. காலை ஏழரைக்கு உள்ளே போனால் வெளியே வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இப்போது நான் இருக்கும் கிளினிக்கின் டாக்டர் ஒரு அம்மா. தோல் மருத்துவர். முதல் நாள் வருகிற எல்லாரிடமும் அவர் ஒரு கேள்வி கேட்பார்: "முடி கொட்ட ஆரம்பிச்சதுல இருந்து எதையெல்லாம் செய்யறதை நிறுத்திட்டீங்க?" எத்தனை முடி போகிறது, எந்த எண்ணெய், அப்பாவுக்கு வழுக்கையா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தக் கேள்விக்கு வந்த பதிலை ஃபைலின் முதல் பக்கத்தில், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைப்பார். பெரும்பாலும் அன்றைக்கு ஒரு வரிதான் வரும். "ஃபோட்டோ எடுத்துக்கறதில்லை மேடம்." மிச்சம் கவிழ்ந்து படுத்த பிறகு வரும்.

ஓசூரிலிருந்து வந்த ஒரு சூப்பர்வைசர் அண்ணன் சொன்னார்: "ஃபேனுக்குக் கீழ உக்காருறதை விட்டுட்டேன் சிஸ்டர்." காதோரம் இருந்த முடியை நீளமாக வளர்த்து உச்சிக்குக் குறுக்கே இழுத்துப் படியவைத்திருந்தார். காற்று பட்டால் அது எழும்பிவிடும். கல்யாண மண்டபத்துக்குப் போனால் முதலில் பார்ப்பது மணமேடையை இல்லை, ஃபேன் எங்கெங்கே இருக்கிறது என்பதைத்தான். மே மாதத்தில், பட்டுச் சட்டையோடு, புழுக்கமான ஓரத்தில் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொள்வாராம். பந்தியிலும் அப்படித்தான். "இதெல்லாம் ஒரு கஷ்டமான்னு நினைப்பீங்க" என்றார். நான் நினைக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒருவர் ஒவ்வொரு கூரையையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அது சின்ன விஷயம் இல்லை.

முடிதானே, போனால் என்ன என்று சொல்கிறவர்கள் நிறைய. உயிருக்கு ஆபத்தில்லாத வியாதியைச் சொல்ல வருகிறவர் முதலில் வெட்கத்தோடுதான் சொல்வார். கேட்கிறவர் சிரித்துவிட்டால் அத்தோடு வாயை மூடிக்கொள்வார். சொட்டை என்ற சொல்லை நம் ஊரில் யாரும் சிரிக்காமல் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குப் பட்டப்பெயர் அதுதான். சினிமாவில் அடிவாங்குகிற ஆளுக்கும் அதுதான்.

என் ஊர் சங்கரன்கோவில் பக்கம். அம்மா பிச்சி பறிக்கப் போவாள், களை எடுப்பாள், மிளகாய் நாற்று நடுவாள். நான் திருநெல்வேலியில் நர்ஸிங் முடித்து 2008-ல் சென்னைக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி நர்ஸிங் ஹோமில் சேர்ந்தேன். அப்போதெல்லாம் எங்கள் இடத்தில் பட்டை எடுக்கிற முறைதான். பின்மண்டையில் ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும், ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குத் தோலைப் பட்டையாக வெட்டி எடுத்து, இரண்டு பக்கத்தையும் இழுத்துத் தைத்துவிடுவார்கள். அந்தப் பட்டையை நாங்கள் ஐந்து பேர் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து சீவிச் சீவி வேர்களைப் பிரிப்போம்.

முதல் தடவை மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தது நேற்று பார்த்ததுபோல இருக்கிறது. முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு துவாரத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, அரிதாக நான்கு என்று சேர்ந்து வருகிறது. கீழே வேர்முனை வெளுத்து, கொஞ்சம் உப்பலாக, சின்ன வெங்காயத் தாளைப் பிடுங்கினால் அடியில் இருக்குமே, அப்படி. அதைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு. நான் சுத்தமாக இருக்கட்டும் என்று கொழுப்பையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, பளிச்சென்று வேரை மட்டும் சீனியர் அக்காவிடம் காட்டினேன். அவர் அதை வாங்கித் தனியாக வைத்துவிட்டார். "இது செத்துப்போச்சும்மா."

அன்றிரவு அம்மாவிடம் ஃபோனில் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "ஏட்டி, மொளகா நாத்தத் தாய்மண்ணோடல்லா எடுக்கணும்? வேரக் கழுவி நட்டா எப்படிப் பிடிக்கும்?" என்றாள். ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துப் போவது, வெயில் தாழ்ந்த பிறகு நடுவது, தண்டைப் பிடிக்க வேண்டும், வேரைப் பிடிக்கக் கூடாது என்பது எல்லாம் அவள் எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தவைதான். இங்கே ஈரச்சாக்குக்குப் பதில் குளிர்ந்த சலைனில் நனைத்த துணி. நூறு நூறாக எண்ணி வட்டத் தட்டில் அடுக்கி, அடியில் ஐஸ் வைத்திருப்போம். குளிரைவிட முக்கியம் ஈரம். விரல் நுனியில் வேரை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசினால் போதும், காய்ந்துவிடும். காய்ந்த வேரைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நட்டால் நிற்கவும் செய்யும். நாலு மாதம் கழித்து முளைக்காதபோதுதான் தெரியும். அதனால்தான் இந்த வேலையில் யாரும் பார்க்காதபோது எப்படி இருக்கிறோம் என்பது பெரிய விஷயம்.

நாங்கள் பிடிக்கிற இடுக்கி நகை வேலைக்கும் வாட்ச் ரிப்பேருக்கும் வைத்திருக்கிற ரகம். முனை ஊசிபோல இருக்கும். வேர்முனையை அதனால் நசுக்கிவிடக் கூடாது. முடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் சதையைப் பிடித்து, கீறல் எந்தச் சாய்வில் போட்டிருக்கிறதோ அதே சாய்வில் உள்ளே விட வேண்டும். முன்நெற்றி ஓரத்தில் முடி முன்பக்கமாகச் சாய்ந்து வளரும். பொட்டோரத்தில் கிட்டத்தட்ட தோலோடு படுத்திருக்கும். உச்சியில் சுழி. இதையெல்லாம் பார்த்து டாக்டர் கீறியிருப்பார். முதல் வரிசையில் ஒற்றை முடி மட்டும்தான் நட வேண்டும், அதுவும் நேர்கோடாக இல்லாமல் கொஞ்சம் முன்னும் பின்னுமாக. மூன்று முடி வேரை முதல் வரிசையில் வைத்துவிட்டால் பிளாஸ்டிக் பொம்மையின் தலை மாதிரி ஆகிவிடும்.

பின்மண்டை முடியை முன்னால் நட்டால் அதுவும் கொட்டிவிடாதா என்று எல்லாரும் கேட்பார்கள். ஆண் வழுக்கையில் முன்நெற்றியிலும் உச்சியிலும் இருக்கிற வேர்கள்தான் ஒரு ஹார்மோனுக்குப் பயந்து வருஷத்துக்கு வருஷம் மெலிந்துபோகின்றன. பின்மண்டை, காதோர வேர்களை அது அவ்வளவாக அசைப்பதில்லை. இடம் மாறினாலும் வேர் தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற டாக்டர் இதை 1959-ல் எழுதினார், இந்தத் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது என்று மேடம் சொல்லிக்கொடுத்தார். அதற்கு இருபது வருஷம் முன்பே, 1939-ல், ஜப்பானில் ஒகுடா என்பவர் தீக்காயத் தழும்பு உள்ளவர்களுக்கு இப்படி முடி நட்டு எழுதிவைத்திருக்கிறார். யுத்தம் வந்துவிட்டதால் அது வெளியே தெரியாமல் கிடந்ததாம். இந்தத் தொழில் அழகுக்காகப் பிறந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தீக்காயம் பட்டவர்களுக்காகப் பிறந்தது என்று தெரிந்தபோது என் வேலையின் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்தது.

எங்களிடமும் அப்படி ஒரு பெண் வந்தாள். ஸ்டவ் வெடித்து முகத்தின் இடது பக்கம் வெந்துபோனவள். தோலைச் சரிசெய்யும் ஆபரேஷன்கள் எல்லாம் வேறு இடத்தில் முடிந்திருந்தன. இடது புருவம் மட்டும் இல்லை. "மை பென்சிலால வரைஞ்சுக்குறேன்கா. வேர்த்தா கன்னத்துல வழியுது" என்றாள். தழும்புத் தோலில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் மேடம் இரண்டு தடவையாகப் பிரித்துச் செய்தார். மொத்தம் இருநூறு முடிகூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் படுத்த வாக்கில், மூக்கோரத்தில் மேல்நோக்கியும் போகப்போகப் பக்கவாட்டிலும் சாய்த்து வைக்க வேண்டும். அன்றைக்கு என் முதுகு பிடித்துக்கொண்டதுபோல எந்த நாளும் பிடித்ததில்லை. வேர் குணம் மாறாது என்றேனே, அந்தப் புருவமும் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். மாதம் ஒரு தடவை, சில நேரம் அதற்கு முன்னாலேயே, கத்திரிக்க வேண்டும். முதல் தடவை கத்திரிக்க என்னிடம்தான் வந்தாள். கீழே விழுந்த நாலைந்து முடித்துணுக்குகளைத் துடைக்கப் போனேன். "இருங்கக்கா" என்று சொல்லி, விரலால் தொட்டு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் முடி இழப்பதைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. ஆணுக்கு வழுக்கை வந்தால் கேலிக்காவது ஒரு பெயர் இருக்கிறது. பெண்ணுக்கு அதுவும் இல்லை. நெற்றி ஏறாது, வகிடுதான் அகலமாகிக்கொண்டே போகும். ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றினவள் நாலு சுற்று சுற்ற ஆரம்பிப்பாள். பூ வைத்தால் நிற்காது. ஹேர்பின் வழுக்கிவிடும்.

மேடம் ஒரு படிவம் வைத்திருக்கிறார். தோல் வியாதி ஒருவரின் அன்றாடத்தை எவ்வளவு பாதித்திருக்கிறது என்று அளக்கிற பத்துக் கேள்விகள். பிரிட்டனில் கார்டிஃபிலிருந்து 1994-ல் வந்தது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். போன ஒரு வாரத்தில் கூச்சமாக இருந்ததா, கடைக்குப் போகவோ வீட்டையோ தோட்டத்தையோ கவனிக்கவோ இடைஞ்சலாக இருந்ததா, துணி தேர்ந்தெடுப்பதில், வேலையில், நெருங்கியவர்களிடத்தில், தாம்பத்தியத்தில் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண் வரை, மொத்தம் முப்பது. பத்தைத் தாண்டினாலே வாழ்க்கையைப் பெரிதாகப் பாதித்திருக்கிறது என்று அர்த்தம். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுவேன்.

குரோம்பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு அப்படி வாசித்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது இருக்கும். தோட்டத்தைக் கவனிக்க இடைஞ்சலா என்றதும், "தோட்டம் எங்கம்மா இருக்கு நமக்கு" என்றார். சும்மா எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். என்னவோ தோன்றி, "வாசல் வேலை எல்லாம் நீங்கதானேம்மா பார்ப்பீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கோலம் போடுறதை விட்டுட்டேன்."

குனிந்து கோலம் போடும்போது வகிடு தெருவைப் பார்க்கும். பால் வாங்கப் போகிறவர்கள், நடைப்பயிற்சி போகிறவர்கள் எல்லாரும் மேலிருந்து பார்ப்பார்கள். முதலில் நாலு மணிக்கே எழுந்து இருட்டில் போட்டிருக்கிறார். அப்புறம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. அப்புறம் ஸ்டிக்கர் கோலம். மார்கழியில் தெருவிலேயே பெரிய கோலம் அவருடையதுதானாம், இருபத்தொரு புள்ளி. மூன்று மார்கழி போய்விட்டது. வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது. மூட்டுவலி என்று சொல்லியிருக்கிறார்.

அவருக்கு நாங்கள் முடி நடவில்லை. பின்மண்டையிலும் முடி மெலிந்திருந்தது. எடுத்து நடுவதற்கு உறுதியான வேர் அங்கே இல்லை. ரத்தத்தில் இரும்புச் சத்தும் குறைவு. மேடம் இரும்பு மாத்திரையும், தலையில் தடவ மினாக்ஸிடிலும் கொடுத்தார். அது முதலில் ரத்தக் கொதிப்புக்கு வந்த மருந்து, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலைக்குத் தடவுகிற மருந்தாக மாற்றினார்கள். ஆரம்பத்தில் இன்னும் கொஞ்சம் கொட்டும், பயந்து நிறுத்திவிடாதீர்கள், குறைந்தது ஆறு மாதம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். ஒரு வருஷத்தில் வகிடு முழுக்க மூடிவிடவில்லை. கொஞ்சம் அடர்த்தி கூடியது, மேலும் மோசமாகாமல் நின்றது, அவ்வளவுதான். ஆனால் அந்த மார்கழிக்கு அவருடைய மகள் கோலத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். அம்மா அதில் இல்லை. இருபத்தொரு புள்ளி இருக்கிறதா என்று நான் எண்ணிப் பார்த்தேன். இருந்தது.

எங்கள் கிளினிக்கில் வருகிறவர்களில் நிறையப் பேரை மேடம் நடவுக்கு எடுத்துக்கொள்வதே இல்லை. டெங்குவுக்குப் பிறகு, பிரசவத்துக்குப் பிறகு, கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். அது தானாகத் திரும்பி வரும். கோவிட் நேரத்தில் பிளாஸ்டிக் கவரில் முடியைச் சேர்த்துவைத்து எடுத்துக்கொண்டு அழுதபடி வந்தவர்கள் எத்தனை பேர்! புழுவெட்டு வேறு கதை. அதில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் உடம்பின் காவல்காரனே வேர்களை எதிரி என்று நினைத்துத் தாக்குவது. அதன்மேல் புதிதாக நட்டால் அதையும் தாக்கும். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்காது. ஊசியும் மருந்தும் இருக்கிற வியாதி அது.

எதற்கும் மாட்டேன் என்று சொல்லாத இடத்திலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியதில் அர்த்தமில்லை.

பட்டை எடுக்கிற முறை போய், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள, பஞ்ச் என்கிற சின்னக் குழாய்க் கருவியால் ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுக்கிற முறை பரவிய பிறகு, தையலும் நீளத் தழும்பும் இல்லை என்றாகிவிட்டது. கத்தியே படாத சிகிச்சை என்று விளம்பரம் செய்தார்கள். கத்தி இல்லையென்றால் டாக்டரும் வேண்டாம் என்று சிலர் முடிவுக்கு வந்தார்கள். சம்பளம் கூட என்று நான் மாறிப்போன இடத்தில், டாக்டர் காலையில் வந்து நெற்றியில் கோடு வரைந்துவிட்டுப் போய்விடுவார். ஊசி போடுவது, தோண்டுவது, கீறுவது, நடுவது எல்லாம் நாங்கள். அந்த ஊசி மருந்துக்கு உடல் எடையைப் பார்த்து ஒரு உச்ச அளவு உண்டு. தாண்டினால் வலிப்பு வரும், இதயம் நிற்கும். அப்படி ஒன்று நடந்தால் அந்த அறையில் என்ன செய்வது என்று தெரிந்த ஆள் இல்லை.

2016 மே மாதம் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவக் கல்லூரி மாணவர் இறந்துபோனார். இருபத்திரண்டு வயது. அவருக்குச் செய்த இடத்துக்குச் சலூன் நடத்துவதற்கான அனுமதி மட்டுமே இருந்தது என்று பத்திரிகைகள் எழுதின. மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கே அந்த இடத்தைப் பற்றித் தெரியவில்லை என்றால் மற்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள்? அந்தச் செய்தியைப் படித்த அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாரமே வேலையை விட்டேன். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அறுவைச் சிகிச்சைப் பயிற்சி உள்ள, பதிவு பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும், யூடியூப் பார்ப்பதெல்லாம் பயிற்சி ஆகாது என்று அதில் சொல்லியிருந்தார்கள். அப்படி எழுதிச் சொல்ல வேண்டிய நிலை இருந்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த இடத்தில் நான் நட்ட ஒரு தலையை மறக்க முடியாது. கல்லூரி முடித்த தம்பி, இருபத்தொரு வயது. நெற்றி லேசாக ஏற ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூட ஃபோட்டோவைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றான். அதே உயரத்தில் கோடு வரைந்து கொடுத்தார்கள். பின்மண்டையில் இருப்பது தீராத சேமிப்பு இல்லை. ஒரு ஆளின் வாழ்நாளுக்கே பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பெரும்பாலும் ஐந்தாயிரம், ஆறாயிரம் வேர். இருபத்தொரு வயதில் வழுக்கை எதுவரை போகும் என்று யாருக்கும் தெரியாது. மாத்திரை மருந்தோடு சில வருஷம் பொறுத்திருக்க வேண்டிய பிள்ளைக்கு ஒரே நாளில் மூவாயிரம் எடுத்து நெற்றியில் வைத்தோம். வைத்தது என் கை. அழகாகத்தான் முளைத்தது. ஆறு வருஷம் கழித்து இப்போதைய கிளினிக்குக்கு வந்தான். நாங்கள் வைத்த முடி முன்னால் வேலிபோல நிற்கிறது. அதற்குப் பின்னால் அவனுடைய சொந்த முடி எல்லாம் போய்விட்டது. "மறைக்கவும் முடியலை, மொட்டையடிச்சா பின்னாடி புள்ளி புள்ளியாத் தெரியுது சிஸ்டர்" என்றான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானே சொன்னேன். "தம்பி, அன்னைக்கு உனக்கு நட்டவங்கள்ல நானும் ஒருத்தி." கோபப்படவில்லை. "நான்தானே கேட்டேன்" என்றான். அவன் கேட்டது உண்மைதான். மாட்டோம் என்று சொல்ல அந்த அறையில் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

தோண்டி எடுக்கிற முறைக்குத் தலையை ஒட்ட மழிக்க வேண்டும். அதனால் நடவு முடிந்தவரைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: பழனியா, திருப்பதியா? பாதிப் பேர் பழனி என்று சொல்லிவிடுவார்கள். சாமி பெயரில் பொய் சொல்லிவிட்டோமே என்று உறுத்தி, காயம் ஆறியதும் நிஜமாகவே பழனிக்குப் போய் உண்டியலில் காசு போட்டுவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். நேர்த்திக்கு மொட்டையடித்தால் தலைநிமிர்ந்து தெருவில் நடப்பவர், தானாக முடி போனால் தொப்பி தேடுகிறார். கொடுப்பதும் பறிகொடுப்பதும் ஒன்றில்லையே.

நட்ட மூன்றாவது நாள் நெற்றி வீங்கும், சிலருக்குக் கண்ணிமை வரை இறங்கும். பத்து நாளில் பொருக்கு உதிரும். மூன்றாவது வாரம் வாக்கில் நட்ட முடியே கொட்டத் தொடங்கும். இதை முதல் நாளிலிருந்து சொல்வோம், எழுதிக் கொடுப்போம், போகும்போதும் சொல்வோம். அப்படியும் ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் வரும். "எல்லாம் போச்சு சிஸ்டர். தலையணை பூரா முடி." வேர் உள்ளே இருக்கிறது, தண்டுதான் விழுகிறது, மூன்று நாலு மாதத்தில் திரும்ப வரும், முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆகும் என்று மறுபடி சொல்வேன். கடன் வாங்கிச் செய்தவர்கள் அதிகம். சிலர் வீட்டில் தொகையைக் குறைத்துச் சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தில் யாரிடமும் பேச முடியாமல்தான் எனக்கு அடிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு ஃபோனை அணைத்துவைப்பதை விட்டுவிட்டேன்.

எல்லாம் நன்றாக முளைத்தும் தீராதவர்கள் உண்டு. ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வருவார். எங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாத இடத்தில் அவருக்குப் பள்ளம் தெரியும். வேலையை விட்டுவிட்டு ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் கண்ணாடி முன்னால் நிற்கிறார் என்று அவர் மனைவி தனியாகச் சொன்னார். இரண்டாவது நடவு கேட்டார். மேடம் மறுத்து, தனக்குத் தெரிந்த மனநல டாக்டரிடம் கூடவே பேசி அனுப்பினார். அங்கே போனாரா, இல்லை வேறு இடத்தில் போய் நட்டுக்கொண்டாரா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. இப்போதும் அவரை நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஒருவர் வந்திருந்தார். முப்பத்தாறு வயது, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறவர். முதல் நாள் மேடத்தின் கேள்விக்கு, "ஒண்ணும் நிறுத்தலை மேடம், சும்மா நல்லா இருக்கட்டுமேன்னுதான்" என்று சொல்லியிருந்தார். ஃபைலில் அப்படியே இருந்தது. கவிழ்ந்து படுத்து மூன்று மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, நடுவதற்காக மல்லாந்து படுத்த பிறகுதான் வாய் திறந்தார். அது வழக்கமில்லை. மல்லாந்தால் எல்லாரும் தூங்கிவிடுவார்கள்.

"எங்கப்பா குடிப்பாரு" என்று ஆரம்பித்தார். கண்ணை மூடியிருந்தார். குடித்துவிட்டு அம்மாவை அடிப்பார். இவருக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது செத்துப்போனார். வீட்டில் அவர் படம்கூட மாட்டவில்லை. "நான் ஒரு சொட்டு குடிச்சதில்லை சிஸ்டர். பிள்ளைங்க மேல கை வச்சதில்லை. ஆனா முப்பது வயசுல முன்னாடி ஏற ஆரம்பிச்சிச்சு. ஒரு நாள் ஷேவ் பண்ணும்போது பார்க்கிறேன், கண்ணாடியில அவரு நிக்கிறாரு." அன்றிலிருந்து கண்ணாடி பார்க்காமல் கையால் தடவித்தான் ஷேவ் செய்கிறார். ஊரில் கிழவிகள் அப்பன் மாதிரியே வந்துவிட்டான் என்று சொல்வார்களாம். அதற்காகவே ஊருக்குப் போவதில்லை. அம்மாவுக்கு நேரே நின்று பேசுவதில்லை.

மேடம் இன்னொரு பக்கம் நின்று கீறல்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கை நிற்காமலே கேட்டார்: "உங்க அம்மாவோட அப்பாவுக்கு எப்படி?"

"தாத்தாவுக்கா? அவருக்கு உச்சி பூரா இருக்காது. துண்டு கட்டியிருப்பாரு. அவருதான் என்னை சைக்கிள்ல வச்சுப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போவாரு."

"வழுக்கை அப்பா வழியில மட்டும் வர்றதில்லை. பல ஜீன் சேர்ந்து வர்றது. அதுல முக்கியமான ஒண்ணு அம்மாகிட்ட இருந்துதான் பையனுக்கு வரும். அது உங்க தாத்தாவோடதாக்கூட இருக்கலாம்."

அவர் கண்ணைத் திறந்து மேலே விளக்கைப் பார்த்தார். பிறகு மூடிக்கொண்டார். கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கி, காதுக்குப் பக்கத்தில் நாங்கள் நட்டிருந்த இடத்தை நோக்கிப் போனது. நான் துணியால் ஒற்றி எடுத்தேன். நட்ட இடம் நனையக் கூடாது என்பதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் பேசவில்லை. இன்னும் அறுநூறு வேர் பாக்கி இருந்தது.

எல்லாம் முடிந்து உட்காரவைத்து, பின்மண்டைக்குக் கட்டுப் போட்டேன். மூன்று ராத்திரி தலையை உயர்த்திவைத்துத்தான் தூங்க வேண்டும், நெற்றியில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், குனியக் கூடாது என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பதிவேட்டில் 2,140 என்று எழுதினேன். கடைசியில் எல்லாருக்கும் கைக்கண்ணாடியைக் காட்டுவோம். எடுத்து நீட்டியபோது அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஒரு வருஷம் போகட்டும் சிஸ்டர்."

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குனிய வேண்டாம் என்று சொல்லி, அவருடைய செருப்பை எடுத்துக் காலுக்கு நேரே வைத்தேன்.